பேசுவதால் படபடப்பு எப்படிக் குறையும்? உளவியல் சிகிச்சை குறித்து ஓர் ஐயம்

மழைக்குருவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக எனக்கு எந்த முன்னறிவிப்பும் இன்றி நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகின்றன. முதன்முறை இவ்வாறு வந்தபோது மாரடைப்பு என்றே நினைத்து அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, இரத்தச் சர்க்கரை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உடலில் கோளாறு எதுவும் இல்லை, இது பீதித் தாக்குதல், உளவியல் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் கூறிவிட்டார். இப்போது நான் கூட்டமான இடங்களுக்குச் செல்வதை நிறுத்திவிட்டேன். லிப்டில் ஏறுவதில்லை. எங்கே சென்றாலும் தண்ணீர்ப் பாட்டிலும் கைபேசியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

மருத்துவரின் சொல்லை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் அடிப்படை ஐயம் என்னை விடுவதாக இல்லை. இதயம் அடித்துக்கொள்வது உடலில் நடப்பது. அதைப் பேச்சு எப்படிச் சரிசெய்யும்? பேசுவதுதான் மருந்து என்றால் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். எந்த நேரத்தில் அழைத்தாலும் எடுப்பார், பொறுமையாகக் கேட்பார், "உனக்கு ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன்" என்று தைரியம் சொல்வார். அவரிடம் பேசி முடித்ததும் படபடப்பு அடங்கிவிடுகிறது. ஆனால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரும்ப வந்துவிடுகிறது. அக்காவிடம் பேசுவதற்கும், முன்பின் தெரியாத ஒருவரிடம் கட்டணம் செலுத்திப் பேசுவதற்கும் என்ன வேறுபாடு? அங்கே சென்றால் சிறுவயதுக் கதைகளையெல்லாம் தோண்டி எடுப்பார்களா? பயன் தருகிறதா இல்லையா என்பதை எதை வைத்து அறிந்துகொள்வது? விவரம் அறிந்தவர்களும் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களும் சற்று விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

நூலிழை:

நான் இத்துறையில் உளவியலாளராகப் பணியாற்றுகிறேன். அக்காவிடம் பேசியதும் அடங்குகிறது, மறுநாள் திரும்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

பீதித் தாக்குதலின்போது உடலில் நடப்பது, ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் இயல்பான ஆயத்தம்தான். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு விரைகிறது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்துவிடுவதால் தலை சுற்றுகிறது, விரல்களும் உதடுகளும் மரத்துப்போகின்றன. இதுவரை எல்லாம் உடலின் வேலை. அடுத்த கணத்தில்தான் மனம் உள்ளே வருகிறது. "இதயம் இப்படி அடிக்கிறதே, நின்றுவிடப் போகிறது" என்று அந்த அறிகுறிக்கு நாம் ஒரு பொருள் கொடுக்கிறோம். அந்தப் பொருள் அச்சத்தைக் கூட்டுகிறது, அச்சம் மேலும் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது, அதனால் இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது, அதைக் கண்டு நம் நம்பிக்கை இன்னும் வலுக்கிறது. சில நிமிடங்களுக்குள் இந்தச் சுழல் உச்சத்தைத் தொட்டுவிடும். பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார். சி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இன்று பீதி நோய்க்குச் செய்யப்படும் பலவும் அந்த விளக்கத்தை ஒட்டியவையே.

இனி அக்காவிடம் வருவோம். அவரை அழைத்ததும் அடங்குகிறது என்கிறீர்கள். உண்மையில் அவரை அழைக்காவிட்டாலும் அது அடங்கியிருக்கும். ஏனெனில் உச்சத்தைத் தொட்ட அட்ரினலின் இறங்கியே தீரும். ஆனால் உங்கள் மூளைக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. "அக்கா எடுத்ததால் தப்பித்தேன்" என்று அது கணக்கு எழுதிக்கொள்கிறது. தண்ணீர்ப் பாட்டிலும், கைபேசியும், லிப்டைத் தவிர்ப்பதும் அதே கணக்கில் சேர்கின்றன. இவற்றை நாங்கள் பாதுகாப்பு நடத்தைகள் என்போம். இவை ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு ஆறுதல் தந்துவிட்டு, "இது ஆபத்துதான்" என்ற எண்ணத்தை அடுத்த முறைக்காகப் பத்திரப்படுத்தி வைக்கின்றன. உங்கள் அக்கா செய்வது அன்பான செயல், அதில் ஐயமில்லை. ஆயினும் இந்த நோயைப் பொறுத்தவரை அந்த ஆறுதல் சுழலின் ஓர் அங்கமாகிவிட்டது.

ஆகவே சிகிச்சையாளர் உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டார். முதல் ஓரிரு அமர்வுகளில் அவர் கேட்பதெல்லாம் விவரங்களாக இருக்கும்: அண்மையில் வந்த தாக்குதலின்போது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், உடலில் முதலில் தெரிந்தது எது, அந்த நொடியில் மனத்தில் ஓடிய வாக்கியம் என்ன, அடுத்து என்ன செய்தீர்கள். அந்த விடைகளை வைத்து உங்களுக்கே உரிய சுழலை ஒரு தாளில் இருவரும் சேர்ந்து வரைவீர்கள். பின்னர், உங்களுக்கு இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் போன்ற காரணங்களால் தடை ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அமர்விலேயே ஒரு சிறு சோதனை செய்யச் சொல்வார். ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக, ஆழமாக மூச்சு விட வேண்டும். அதற்கு முன், என்ன நடக்கும் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள் என்பதையும் அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். "மயங்கி விழுவேன், 90 சதவீதம்" என்று எழுதுவோர் பலர். சோதனை தொடங்கியதும் விரல்கள் மரக்கும், தலை சுற்றும், அதாவது நீங்கள் மாதக்கணக்காக அஞ்சிய அதே அறிகுறிகள் அந்த அறையில், நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே வரும். பாட்டிலைத் தொடாமல், மூச்சை வலிந்து கட்டுப்படுத்தாமல் அப்படியே இருந்து பார்க்கச் சொல்வார். அவை தாமாக வடிந்த பிறகு, எழுதி வைத்த அந்த 90-ஐ இப்போது எவ்வளவு என்று திருத்தச் சொல்வார். பொதுவாக மயக்கம் என்பது இரத்த அழுத்தம் சடாரென்று குறையும்போது வருவது. பீதியின்போதோ இரத்த அழுத்தம் கூடவே செய்கிறது. இதை வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். உடலே அனுபவித்துத் தெரிந்துகொண்டால் அது தங்கும்.

அதன் பிறகு லிப்ட், அரங்கம், கூட்டம் என்று வெளியே செல்வீர்கள். முதலில் எளியது, பிறகு கடினமானது. பேச்சு எப்படி உடலைச் சரிசெய்யும் என்று கேட்டீர்களே, இந்த வகைச் சிகிச்சையில் பேச்சின் வேலை சோதனைக்குத் திட்டமிடுவதும், நடந்ததிலிருந்து என்ன கற்றோம் என்று சரிபார்ப்பதும்தான். வாரத்தில் ஓர் அமர்வு ஏறத்தாழ 50 நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் நீங்கள் வெளியே செய்வதில்தான் மாற்றம் நிகழ்கிறது. பீதி நோய்க்கான சி.பி.டி. பொதுவாகச் சில மாதங்களில் முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை.

வேறு பிரச்சினைகளுக்கு வழிமுறைகள் வேறு. ஓ.சி.டி. (விடாமல் வரும் எண்ணங்களும், அவை உந்தும் செயல்களை மீண்டும் மீண்டும் செய்வதுமான நோய்) உள்ள ஒருவருக்கு, கை கழுவும் உந்துதல் எழும்போது கழுவாமல் இருந்து பார்க்கும் பயிற்சி முதன்மையானது. 1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை அது. மனச்சோர்வுக்கும் பேரிழப்புக்கும் பாதை முற்றிலும் வேறாக இருக்கும்.

தென்திசை:

நான் மனச்சோர்வுக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டவன். பீதியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் "பேசினால் எப்படிக் குணமாகும்" என்ற அதே கேள்வியோடுதான் நானும் உள்ளே நுழைந்தேன் என்பதால் எழுதுகிறேன்.

என் துயரத்தை முழுவதுமாகக் கொட்டிவிட்டு வரலாம் என்று எண்ணிச் சென்றேன். அவர் அதைக் கேட்டார், இடையில் குறுக்கிடவில்லை. ஆனால் அமர்வின் முடிவில் என் கையில் ஒரு கால அட்டவணையைக் கொடுத்தார். காலை எழுந்தது முதல் உறங்கும் வரை ஒவ்வொரு மணி நேரத்திலும் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். பக்கத்தில் இரண்டு எண்கள், அதில் எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு நிறைவு என்று 0 முதல் 10 வரை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாழ்க்கையே பிடிக்கவில்லை என்று சொல்பவனிடம் அட்டவணை போடச் சொல்கிறாரே என்று தோன்றியது. இருந்தும் எழுதினேன். "படுத்தபடி கைபேசி பார்த்தேன்: மகிழ்ச்சி 1, நிறைவு 0." "குளித்தேன்: மகிழ்ச்சி 0, நிறைவு 3." "செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்: மகிழ்ச்சி 2, நிறைவு 4." அடுத்த அமர்வில் அந்தத் தாளை இருவரும் பார்த்தபோது, எனக்கு ஓய்வு என்று நான் நம்பிய படுத்திருக்கும் மணி நேரங்கள்தாம் நாளிலேயே மிகக் குறைந்த எண்களைப் பெற்றிருந்தன. எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்ற என் வாதமும் அந்தத் தாளின் முன் முழுதாக நிற்கவில்லை. செடிகளுக்கு 2 கிடைத்திருந்ததே!

மனம் சரியான பிறகு செயல்படலாம் என்று நான் காத்திருந்தேன். சிகிச்சை அந்த வரிசையை மாற்றிப் போட்டது. மனநிலை எப்படி இருந்தாலும், முன்பே குறித்து வைத்த நேரத்தில், குறித்து வைத்த அளவில் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பத்து நிமிட நடை என்றால் பத்து நிமிடம் மட்டுமே. உற்சாகம் வந்தாலும் கூட்டக் கூடாது, வராவிட்டாலும் குறைக்கக் கூடாது. இதை நடத்தைத் தூண்டல் என்கிறார்கள். நீல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சி.பி.டி.யின் இந்த ஒரு பகுதியை மட்டும் பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நிகராகவே முன்னேறினார்கள் என்று பின்னர் படித்து வியந்தேன்.

எண்ணங்களைப் பதிவு செய்யும் பயிற்சி அதன் பிறகு வந்தது. மேலதிகாரிக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு மாலை வரை பதில் வராத ஒரு நாள். "என்னை ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள்" என்று எழுதினேன், நம்பிக்கை 85. சான்றுகள் என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதுவும் பதில் வரவில்லை என்பதே. எதிர்ச்சான்றுகள் என்ற கட்டத்தில், அன்று அவர் யாருக்குமே பதில் அனுப்பவில்லை என்பது உட்படப் பல வரிகள் விழுந்தன. இதை நேர்மறைச் சிந்தனை என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "எல்லாம் நன்றாக நடக்கும்" என்று ஒருமுறைகூட அவர் என்னைச் சொல்லச் சொன்னதில்லை. எண்ணத்தை உண்மையாக எடுத்துக்கொள்வதற்கு முன் விசாரிக்கப் பழக்கினார், அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்க வாரங்களில், நான் எழுதிவரும் தாள்களை அவர் பாராட்டும்போதெல்லாம் வீட்டுப்பாடம் காட்டும் சிறுவனைப் போல உணர்ந்து கூசிப்போனேன். நின்றுவிடலாம் என்ற எண்ணமே மேலோங்கியது. ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன். அவர் தற்காத்துக்கொள்ளவில்லை. குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, வேறு எங்கெல்லாம் அப்படி உணர்ந்திருக்கிறேன் என்று கேட்டார். அன்றைய அமர்வு முழுவதும் தாள்கள் இன்றியே கழிந்தது. அதன் பிறகு எதைப் பதிவு செய்வது என்பதை நானே முடிவு செய்யத் தொடங்கினேன். மனத்தாங்கலைச் சொன்னால் சிகிச்சையாளர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது அவரை எடைபோடச் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

கரைமணல்:

மேலே இருவர் எழுதியதும் பயனுள்ளது. ஆனால் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, அதாவது பயன் தருகிறதா என்பதை எதை வைத்து அறிவது என்பதற்கு, விடை போதவில்லை. உளவியல் சிகிச்சையின் வரலாற்றை ஆர்வத்தோடு வாசிப்பவன் என்ற முறையில், சற்றுச் சந்தேகத்தோடும் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

"பேச்சுச் சிகிச்சை" என்ற தொடரை உருவாக்கியவர் ஒரு நோயாளிதான்: அன்னா ஓ என்ற புனைபெயரால் அறியப்பட்ட பெர்த்தா பாப்பன்ஹைம். 1880 முதல் 1882 வரை வியன்னாவில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் யோசப் புரோயர், 1895-இல் ஃபிராய்டுடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் அந்தச் சிகிச்சையை வெற்றிக் கதையாகவே எழுதினார். ஆனால் அது முடிந்த அதே 1882-இல் பெர்த்தா சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல இல்லத்தில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. பின்னாளில் அவர் பெண்களின் உரிமைக்காகவும் ஆதரவற்ற சிறுமிகளுக்காகவும் பெரும்பணி ஆற்றினார் என்பது வேறு செய்தி. சிகிச்சையாளர் தம் சிகிச்சையைப் பற்றித் தாமே சொல்லும் கதையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இத்துறையின் முதல் கதையே எடுத்துக்காட்டு.

1952-இல் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரையில், நியூரோசிஸ் என்று அன்று சொல்லப்பட்ட மனக்கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சை இன்றியே இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்றும், சிகிச்சையால் கூடுதல் பயன் விளைந்ததற்குச் சான்று இல்லை என்றும் எழுதித் துறையையே உலுக்கினார். அவருடைய கணக்கில் குறைகள் இருந்தன. ஆயினும் அந்தச் சீண்டல் நல்லதையே செய்தது. சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு முறையாக ஆராய வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1977-இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் ஏறக்குறைய 400 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர் ஒருவர், பெறாதவர்களில் 75 சதவீதத்தினரை விட நல்ல நிலையில் இருந்தார் என்று தெரியவந்தது. பல்வேறு சிகிச்சை முறைகளுக்கு இடையிலான வேறுபாடோ எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. எந்த முறை சிறந்தது என்ற பங்காளிச் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

சிகிச்சையால் தீங்கும் நேரலாம் என்பதை ஏனோ பலர் சொல்வதில்லை. மருந்துச் சீட்டில் பக்கவிளைவுகளை அச்சிடுகிறோம். பேச்சுக்கு மட்டும் பக்கவிளைவு இராது என்று நினைப்பது ஏன்? பேரழிவில் சிக்கியவர்களை உடனடியாக ஒரே அமர்வில் அமர்த்தி, நடந்ததையெல்லாம் விவரிக்கச் செய்யும் ஒரு முறை பல ஆண்டுகள் நன்னோக்கத்துடன் கடைப்பிடிக்கப்பட்டது. முறையாக ஆராய்ந்தபோது, அது பின்னாளைய மன வடுக்களைத் தடுக்கவில்லை என்பதும், சிலருக்கு நிலையை மோசமாக்கக் கூடும் என்பதும் தெரியவந்ததால் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் மனத்தைத் திறந்து கொட்டுவது நன்மை பயக்கும் என்ற நம்பிக்கை சரியன்று.

ஆகவே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.-9 என்ற வினாத்தாள் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பதற்றத்துக்கு ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி.-7 உள்ளது. நிரப்பச் சில நிமிடங்களே ஆகும். உங்கள் நிலையில் அதைவிட எளிய அளவுகளும் உண்டு: இந்த வாரம் எத்தனை தாக்குதல்கள், எத்தனை முறை லிப்டில் ஏறினீர்கள், பாட்டில் இல்லாமல் வெளியே சென்றீர்களா. ஆறு முதல் எட்டு அமர்வுகள் ஆன பிறகும் எதுவும் அசையவில்லை என்றால், "ஏன் அசையவில்லை, என்ன மாற்றப் போகிறோம்" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "இன்னும் காலம் பிடிக்கும்" என்ற ஒரே விடை மீண்டும் மீண்டும் வந்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

வெயில்நிழல்:

அட்டவணை, எண்கள், சோதனை என்றே பேச்சு போவதால் ஒரு மாற்றுக் குரலைப் பதிவு செய்கிறேன். நான் பெற்றது உள இயக்கவியல் சார்ந்த, அதாவது நாம் அறியாமலே உறவுகளில் திரும்பத் திரும்பச் செய்வதை ஆராயும், நீண்ட காலச் சிகிச்சை. எனக்கு லிப்டைக் கண்டு அச்சம் இல்லை. நெருங்கி வருபவர்களிடமிருந்து, அவர்கள் என்னை விட்டுச் செல்வதற்கு முன் நானே விலகிவிடும் வழக்கம் இருந்தது. அதை எந்த வினாத்தாளில் அளப்பது?

ஒருமுறை என் சிகிச்சையாளர் விடுப்பில் செல்வதாக முன்கூட்டியே தெரிவித்தார். "நல்லது, ஓய்வெடுங்கள்" என்று சிரித்தபடி சொன்னேன். அவர் திரும்பிய வாரம் நான் தாமதமாகச் சென்றேன். அதற்கடுத்த அமர்வை ரத்து செய்தேன். சிகிச்சையை நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பதாகக் குறுஞ்செய்தி அனுப்பினேன். மறுபடி சந்தித்தபோது அவர், "நான் விடுப்பில் சென்றது உங்களைக் கோபப்படுத்தியிருக்குமோ?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று பத்து நிமிடங்கள் வாதாடிவிட்டு அழுதேன். எந்த உறவிலும் நான் செய்வதை அந்த அறையில், அவரிடமே செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அதை ஒருவர் சுட்டிக்காட்டியும் அந்த உறவு முறியவில்லை என்பது எனக்குப் புதிய அனுபவம்.

சிறுவயதைப் பற்றிப் பேசினோமா என்றால், பேசினோம். ஆனால் தோண்டி எடுப்பது என்று மழைக்குருவி அஞ்சுவது போல எதுவும் நடக்கவில்லை. இன்றைய நிகழ்ச்சி ஒன்றைப் பேசும்போது பழையது தானாக எழுந்து வரும். வந்தால் பேசுவோம், வராவிட்டால் இல்லை. கரைமணல் சொல்வது போல எட்டு அமர்வுகளில் கணக்குக் கேட்டிருந்தால் நான் பாதியிலேயே வெளியேறியிருப்பேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மழைக்குருவி:

இவ்வளவு விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. அக்காவைப் பற்றி நூலிழை எழுதியதைப் படித்தபோது முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு அது சரிதான் என்று பட்டது. இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. இனி அக்காவிடம் பேசவே கூடாதா? மாத்திரையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்குமா? அங்கே நான் சொல்பவை வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி? முதல்முறை தொலைபேசியில் அழைக்கும்போது என்ன கேட்பது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

நூலிழை:

அக்காவிடம் பேசுங்கள், எல்லாவற்றையும் பற்றிப் பேசுங்கள். தாக்குதல் வந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும், உறுதிமொழி கேட்பதற்காக அழைப்பதைச் சிறிது சிறிதாகக் குறைப்பீர்கள். நீங்கள் விரும்பினால் ஓர் அமர்வுக்கு அவரையும் அழைத்து வரலாம். "உனக்கு ஒன்றும் ஆகாது" என்பதற்குப் பதிலாக, "இப்போது என்ன செய்வதாகத் திட்டமிட்டிருந்தாய்?" என்று அவர் கேட்கப் பழகினால், உங்கள் சிகிச்சைக்கு அவர் பெரிய துணையாகிவிடுவார். இதை அவரிடம் விளக்காமல் நீங்களாகவே அழைப்பதை நிறுத்திவிடாதீர்கள். அவர் மனம் நோகும்.

மாத்திரையைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். பீதி நோய்க்கு உளவியல் சிகிச்சையும் மருந்தும் தனித்தனியாகவே பயன் தருபவை. சிலருக்கு இரண்டும் சேர்ந்து தேவைப்படும். மனச்சோர்வு கடுமையாக இருந்து உணவும் உறக்கமும் கெட்டுப்போனாலோ, இருதுருவ நோய், மனச்சிதைவு போன்றவை இருந்தாலோ மருந்தைத் தவிர்த்துவிட்டுப் பேச்சை மட்டும் நம்புவது ஆபத்து. உளவியலாளர்களில் பெரும்பாலோர் மருந்து எழுதும் தகுதி உடையவர்கள் அல்லர். நீங்கள் ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் சிகிச்சை தொடங்கிவிட்டது என்பதற்காகத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: படபடப்பை உடனே அடக்கும் தூக்க மாத்திரை வகைகள் சிலவற்றை அவ்வப்போது போட்டுக்கொள்வது, நான் மேலே சொன்ன தண்ணீர்ப் பாட்டிலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடும், பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டால் அதை மனநல மருத்துவர், சிகிச்சையாளர் இருவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்பவற்றை வெளியிடக் கூடாது என்பது இத்தொழிலின் அடிப்படை நெறி. அதற்கு விலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருக்கும்போதும், குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுவது தெரியவரும்போதும், நீதிமன்றம் ஆணையிடும்போதும் அவர் பேச வேண்டியிருக்கலாம்; சட்டம் இடத்துக்கு இடம் மாறும். நல்ல சிகிச்சையாளர் இந்த விலக்குகளை முதல் அமர்விலேயே தாமாக விளக்குவார். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறது என்று சொன்னாலே வீட்டுக்குத் தகவல் போய்விடும் என்று அஞ்சிப் பலர் அதை மறைக்கிறார்கள். எண்ணம் வருவதும் செயலில் இறங்கும் நிலையில் இருப்பதும் வேறு வேறு என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பேசுவதற்கான இடமே அதுதான். ஆனால் செயலில் இறங்கிவிடுவோம் என்ற நிலை வந்தால் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ நெருக்கடி உதவி எண்ணுக்கோ செல்ல வேண்டும்.

வெயில்நிழல் எழுதியதை நான் மறுக்கவில்லை. உறவுகளில் திரும்பத் திரும்ப நிகழும் சிக்கல்களுக்கு அந்த வழி பொருத்தமானது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் எழுதியது எல்லா முறைகளுக்கும் பொருந்தும்: எதை நோக்கிப் போகிறோம், அதற்காக என்ன செய்கிறோம் என்ற இரண்டிலும் இருவருக்கும் உடன்பாடு வேண்டும், இடையில் ஒரு பற்றுதலும் வேண்டும். வெயில்நிழலுக்கும் அவருடைய சிகிச்சையாளருக்கும் அது இருந்தது. ஆனால் மழைக்குருவி சொல்லும் அறிகுறிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பீதிக்கான சி.பி.டி.யையே.

தொலைபேசியில் அதிகம் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கல்வித் தகுதி என்ன, எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், பீதித் தாக்குதல் உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கடைசியாக, "அமர்வில் மூச்சுச் சோதனை செய்வீர்களா, லிப்ட் போன்ற இடங்களுக்கு என்னோடு வருவீர்களா?" என்று கேளுங்கள். ஓய்வுப் பயிற்சியும் ஆறுதலும் மட்டுமே தருவதாக அவர் சொன்னால், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரை அழையுங்கள்.

கரைமணல்:

அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கிறேன். எத்தனை அமர்வுகளுக்குப் பிறகு இருவரும் அமர்ந்து முன்னேற்றத்தைப் பரிசீலிப்பீர்கள் என்றும் கேளுங்கள். வெயில்நிழல் போன்றோருக்கு அந்த எண் எட்டாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஏதாவது ஓர் எண் இருக்க வேண்டும். கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் பிறகு மனத்தாங்கலைச் சொல்வது கடினம்.

மழைக்குருவி:

குறித்துக்கொண்டேன். என் மருத்துவர் இருவரின் பெயர்களைத் தந்திருந்தார். நாளை காலை இருவரையும் அழைத்து இதே கேள்விகளைக் கேட்கப் போகிறேன். லிப்டுக்குள் என்னோடு வருவீர்களா என்ற கேள்வியைத்தான் எப்படிக் கேட்பது என்று சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

தென்திசை:

தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே படித்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர்கள் இதைவிட விநோதமான கேள்விகளையெல்லாம் கேட்டுப் பழகியவர்கள்.